சுற்றிச் செல்லவும்

ஜூன் 10, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரர் எங்கள் ஆஸ்பத்திரி மேட்ரனுக்குக் கொடுத்து, மேட்ரன் எனக்குத் தள்ளிவிட்ட டைரி இது. ஐந்து மாதம் சும்மா கிடந்தது. இன்று எழுத விஷயம் கிடைத்துவிட்டது. எரிச்சல்தான் விஷயம்.

ஏரிக்கரையில் பலகை வைத்துவிட்டார்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. “நடப்போரும் சைக்கிளில் வருவோரும் ஏரியை வலமாக மட்டுமே சுற்றிச் செல்லவும். காலை 5 முதல் 8 வரை. நெடுந்தாங்கல் ஏரி நடைப்பயிற்சியாளர் சங்கம்.”

நம் ஜனங்கள் கோயிலைச் சுற்றுகிற மாதிரியே ஏரியையும் சுற்றுகிறார்கள். ஏரி எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். சர்க்கரை குறைவதற்காக நடக்கிறவர்கூட இடமாகச் சுற்ற மாட்டார். இதுவரை அது அவரவர் பழக்கமாக இருந்தது. இப்போது சட்டம்.

என் வீடு வடக்கு கேட் பக்கம். ஸ்டேஷன் தெற்கு கேட் பக்கம். இடமாகப் போனால் கரைமேல் எழுநூறு மீட்டர், நாலு நிமிஷம். வலமாகச் சுற்றினால் இரண்டு கிலோமீட்டர், நடக்கிறவர்களுக்கு நடுவே பெல் அடித்து அடித்து எப்படியும் பதிமூன்று நிமிஷம். நாத்தனார் செண்பகம் வீட்டுக்கு வந்து சேர்வது 6.05. அவள் செருப்பைக் கழற்றும்போது நான் சைக்கிளை இறக்குகிறேன். 6.18 ரயிலைப் பிடித்தால் 7.15க்கு ஆஸ்பத்திரி வருகைப் பதிவில் விரல் வைக்கலாம். அடுத்த ரயில் 6.40. அதில் போனால் லேட்.

மாதத்தில் மூன்று லேட் ஆனால் மதியம் ஷிப்டுக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை. அது நடக்கக் கூடாது. பொழுது சாய்ந்தால் படுத்த படுக்கையாக இருக்கும் என் வீட்டுக்காரர் என்னைத் தேடுவார். நான் கண்ணில் படாவிட்டால் கட்டில் கம்பியைப் பிடித்து ஆட்டுவார், அழுவார். செண்பகத்துக்கும் நாலு மணிக்குமேல் அவள் வீடு இருக்கிறது.

ஆக, ஒன்பது நிமிஷத்தில் இருக்கிறது என் குடும்பம்.

ஜூன் 11, புதன்

பலகைக்குக் கட்டுப்பட்டேன். 6.18 கண்ணெதிரே போனது. லேட் ஒன்று.

ஜூன் 12, வியாழன்

பலகையைப் பார்க்காத மாதிரி இடமாகவே போனேன். பாதி தூரத்தில் சங்கத் தலைவர் பக்தவத்சலம் கையை விரித்துக்கொண்டு நின்றார். மின்வாரியத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை கேன்வாஸ் ஷூ, காதில் மஃப்ளர். ஜூன் மாதத்தில் மஃப்ளர்!

“ஏம்மா, போர்டு பாக்கலியா?”

“பாத்தேன் சார். ரயிலுக்கு நேரமாச்சு.”

“எல்லாருக்கும்தான் நேரமாவுது. போன வாரம் ஒரு பையன் எதிர்ல வேகமா வந்து ஒரு அம்மா மேல ஏத்திட்டான். இடுப்பெலும்பு போச்சு. ராங் சைடுல வர்றவங்களுக்குத் தன் அவசரம் மட்டும்தாம்மா தெரியும். அடுத்தவன் உயிர் தெரியாது.”

கெட்ட வார்த்தை ஒன்றும் அவர் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நான் கத்திவிட்டேன். “யாரைப் பார்த்து ராங் சைடுன்னு சொல்றீங்க? இது என்ன ஹைவேயா? ஏரி உங்க அப்பன் வீட்டுதா?” நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடி ரயிலைப் பிடித்தேன்.

அவ்வளவு கோபம் எதற்கு என்று தெரியவில்லை. தூக்கம் போதவில்லை, அதுதான்.

ஜூன் 15, ஞாயிறு

விடுமுறை. விடுமுறை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான்.

படுக்கை விரிப்பு, இரண்டு லுங்கி, வாய் துடைக்கும் துண்டுகள் துவைத்தேன். சைக்கிள் செயின் துருப்பிடித்துச் சத்தம் போடுகிறது. எண்ணெய் விட்டேன். இது செண்பகத்தின் மகள் யாழினிக்கு ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த நீல சைக்கிள். அவள் காலேஜ் பஸ்ஸில் போகிறாள். நான் ஸ்கூட்டியைக் கொடுத்துவிட்ட பிறகு, “சும்மாதானே நிக்குது, எடுத்துக்கங்க அண்ணி” என்று செண்பகம்தான் கொண்டுவந்து விட்டாள். என் நாத்தனார்போல ஒருத்தி யாருக்கும் வாய்க்க மாட்டாள். கூடப் பிறந்த அண்ணன் என்றாலும் இந்தக் காலத்தில் யார் தினமும் வந்து மலஜலம் எடுப்பார்கள்?

சாயங்காலம் அவர் கொஞ்சம் முழிப்பாக இருந்தார். என்னைப் பார்த்து, “சுத்தி” என்றார். தலையில் அடிபட்ட பிறகு அவரிடம் மிச்சமிருக்கும் நாலைந்து வார்த்தைகளில் இது ஒன்று. “சுத்தி... சுத்தி...”

“தலை சுத்துதாண்ணா? இரு, மாத்திரை தர்றேன்” என்று செண்பகம் ஓடிவந்தாள். தலைசுற்றலுக்கு நரம்பு டாக்டர் எழுதியது. ஒரு நாளைக்கு மூன்று வரை கொடுக்கலாம். போட்டால் அரைமணியில் தூங்கிவிடுவார்.

தூங்கிவிட்டார். அவர் தாடையைத் துடைத்துக்கொண்டே செண்பகம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். “ராங் சைடுல வந்து இடிச்சானே, அந்தப் படுபாவி, அவன் கை கால் விளங்காமப் போகணும்.” பதினாலு மாதமாகத் தினமும் சொல்கிறாள்.

நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

வடக்கு கேட்டில் காவலாள் போட்டுவிட்டார்கள். எதிர்த்திசையில் போகும் சைக்கிளைத் திருப்பி அனுப்புவதுதான் அவருக்கு வேலை. திருப்பி அனுப்பினார். லேட் இரண்டு.

எங்கள் பிரிவில்தான் ஆபரேஷன் சாமான்களை ஆட்டோகிளேவ் ஆவிப்பெட்டியில் வைத்து எடுத்துத் தட்டுத் தட்டாகக் கட்டித் தருவோம். என்னால் இன்று முதல் ஆபரேஷன் இருபது நிமிஷம் தள்ளிப்போனது. மேட்ரன் கத்தவில்லை. “தமயந்தி, இன்னொரு தடவைன்னா என் கையில இல்ல. பேர் தானா மதியத்துக்குப் போயிடும்” என்றார். அவர் முகத்திலும் தூக்கமில்லை. யாரை நொந்துகொள்வது?

“பைபாஸ் ரோட்டுல போயேன், எட்டு நிமிஷம்தானே?” என்று கூட வேலை பார்க்கிறவள் கேட்டாள். தூசி, லாரி, பள்ளம் என்றேன். எல்லாம் உண்மைதான்.

ஜூன் 18, புதன்

சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு இடமாகப் போனேன். சைக்கிளில் வருவோர் என்றுதானே போட்டிருக்கிறது, நான் நடக்கிறேன் என்று வாதாடினேன். “நடப்போரும்னு முதல்லயே போட்டிருக்கு மேடம்” என்றார் காவலாள். கெஞ்சினேன். விட்டார். கெஞ்சுவதும் ஒரு வழி என்று குறித்துக்கொள்கிறேன். தினமும் நடக்காது.

ஜூன் 20, வெள்ளி

இன்று பைபாஸில் போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன். பெட்ரோல் பங்க் வளைவு வரை போனேன். அங்கே நடுவில் தடுப்புச் சுவர் தொடங்குகிறது. கால் பெடலிலிருந்து இறங்கிவிட்டது. நானாக இறக்கவில்லை. இரண்டு லாரி, ஒரு பால் வேன் போகும்வரை நின்றேன். பால் வேன் வந்தபோது ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். திரும்பி ஏரிக்கே வந்தேன். இன்றும் கெஞ்சல்தான். ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏறினேன்.

சைக்கிளுக்கு அந்த ரோடு சரிப்படாது.

ஜூன் 22, ஞாயிறு

என் கஷ்டத்தைச் செண்பகத்திடம் சொன்னது தப்பாகப் போயிற்று. “அவங்க கூட்டம் எப்போ?” என்று கேட்டாள். இன்று காலை ஏழு மணிக்கு, அரசமரத்து மேடையில். அவருக்குப் பக்கத்து வீட்டு அம்மாவைக் காவல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பெரிய கூட்டமில்லை. இருபது பேர், எல்லாருக்கும் கையில் சுக்குக் காபி. செண்பகம் ஒன்பதாவதுகூட முடிக்கவில்லை. மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் எழுந்து நின்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினாள்.

“ஐயா, ராங் சைடுல வர்றவங்களால என்ன ஆவும்னு உங்களைவிட எங்களுக்கு நல்லாத் தெரியும். போன வருஷம் ஏப்ரல்ல எங்க அண்ணனும் அண்ணியும் வண்டியில ஒழுங்காத்தான் போயிட்டிருந்தாங்க. எதிர்ல ராங் சைடுல ஒருத்தன் வந்து இடிச்சுட்டுப் போயிட்டான். அண்ணன் இன்னிக்கும் படுத்த படுக்கை. பேச்சில்ல. தலை சுத்துதுன்னு மட்டும் சொல்லுவாரு. எங்க அண்ணி ஒரு ஈ எறும்பை மிதிக்க மாட்டாங்க. அவங்களைப் போயி அந்த ஜாதியில சேர்த்துட்டீங்களே?”

பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அன்னிக்கு அப்படிப் பேசியிருக்க மாட்டேன். மன்னிச்சுக்கணும்” என்று என்னைப் பார்த்துக் கை கூப்பினார். என்னைவிட இருபது வயது பெரியவர்.

சங்க லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். “திருமதி தமயந்தி அவர்கள் மட்டும் காலை வேளையில் எதிர்த்திசையில் சைக்கிளில் செல்ல அனுமதிக்கப்படுகிறார்.” கையெழுத்து, முத்திரை.

திரும்பும்போது செண்பகம் சிரித்துக்கொண்டே வந்தாள். “எப்படி?” என்றாள். நன்றாகப் பேசினாய் என்றேன்.

ஜூன் 23, திங்கள்

போனேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு அம்மா, “மெதுவாப் போம்மா, ஒண்ணும் அவசரமில்ல” என்றார். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. இதற்குத்தானே இவ்வளவு பாடு? சந்தோஷமாக இருக்க வேண்டும். உடம்பெல்லாம் அடித்துப் போட்டமாதிரி இருக்கிறது.

ஜூன் 25, புதன்

பக்தவத்சலம் இன்று நிறுத்தினார். “அந்த ஆளைப் போலீஸ் கண்டுபிடிச்சாங்களாம்மா?”

“இல்ல சார்.”

“எப்படித்தான் அவனுக்குத் தூக்கம் வருதோ?”

ரயிலுக்கு நேரமாச்சு சார் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

வீட்டுக்கு வரும்போது செண்பகம் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மதியம் சோறு ஊட்டும்போது அவர் பாதித் தூக்கத்தில் இருந்திருக்கிறார். புரையேறி முகம் நீலமாகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா முதுகில் தட்டி எடுத்திருக்கிறார். இப்போது பரவாயில்லை.

“காலையிலேர்ந்து சுத்தி சுத்தின்னு ஒரே புலம்பல் அண்ணி. ரெண்டு மாத்திரை போட்டும் நிக்கல. டாக்டர்கிட்டச் சொல்லி இன்னும் பெரிய மாத்திரையா வாங்கணும்.”

இரண்டு மாத்திரை போட்டதால்தான் பாதித் தூக்கம். பாதித் தூக்கத்தால்தான் புரையேறியது. இது எனக்குத் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் வேலை பார்க்கிறவளுக்குத் தெரியாமலா போகும்?

ஞாயிறு யோசிக்கலாம்.

ஜூன் 29, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

மதியம் மூன்று மணி. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “சுத்தி” என்றார். செண்பகம் மாத்திரை அட்டையைக் கிழித்து ஒன்றை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“கொடுக்காதே.”

“ஏன் அண்ணி? பாவம், தலை சுத்துதுங்கிறாரே.”

“அவருக்குத் தலை சுத்தல, செண்பகம். சுத்திப் போலாம்னு சொல்றாரு.”

“எங்க?”

அவளுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்தே சொன்னேன்.

அன்று வண்டியை நான்தான் ஓட்டினேன். ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்டு அவர் வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவதாக ஏற்பாடு. அவர் ஓட்டினால் நாற்பதுக்கு மேல் போக மாட்டார் என்று நானே சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். நேரமாகிவிட்டது. பெட்ரோல் பங்க் வளைவிலிருந்து யூ-டர்னுக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் போக வேண்டும். தடுப்புச் சுவர் ஓரமாகவே எதிர்த்திசையில் போனால் முந்நூறு மீட்டர். எல்லாரும் போகிறார்கள். நான் திருப்பினேன். அவர் பின்னாலிருந்து தோளைத் தொட்டு, “வேணாம் தமயந்தி, சுத்திப் போலாம்” என்றார். “சும்மா வாங்க” என்றேன். எதிரே பால் வேன் அதன் வழியில் சரியாகத்தான் வந்தது. நான்தான் ஒடித்தேன். அவர் தலை தடுப்புச் சுவரில் மோதியது.

போலீஸ் கேட்டபோது யார் ராங் சைடு என்பதை மட்டும் மாற்றிச் சொன்னேன். வேன் நிற்காமல் போய்விட்டதால் மறுத்துச் சொல்ல ஆளில்லை. மறுத்திருக்கக்கூடிய ஒரே ஆள் மூன்று வாரம் கண் திறக்கவில்லை. திறந்தபோது அவர் வாயில் முதலில் வந்தது அந்த வார்த்தைதான்.

செண்பகம் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். மாத்திரையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

“வண்டி இடிச்சுட்டீங்க. சரி, அவசரம், யாருக்கும் நடக்கும். இந்த மாத்திரை? தினமும் நான்தானே என் கையால போட்டேன்? நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தானே இருந்தீங்க? அது தலைசுத்தல் இல்லன்னு தெரிஞ்சும்?”

“தெரிஞ்சும்தான்.”

“அவர் வாயை என் கையை வச்சு அடைச்சிருக்கீங்க அண்ணி.”

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவர் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்ன புரிந்ததோ தெரியாது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

ஜூன் 30, திங்கள்

6.05க்குச் செண்பகம் வரவில்லை. ஏழு வரை பார்த்துவிட்டு மேட்ரனுக்குப் போன் செய்தேன். சொல்லாமல் எடுத்த லீவும் லேட்டில்தான் சேரும் என்றார். மூன்று.

ஜூலை 1, செவ்வாய்

வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எனக்கு மதியம் ஷிப்ட்.

மாத்திரை கொடுக்கவில்லை. இரவு முழுக்க அவர் தூங்கவில்லை. நானும்.

ஜூலை 3, வியாழன்

ஆட்டோவில் அவரை ஏற்றி நரம்பு டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இல்லை. டாக்டர் பேனாவை மூடிவிட்டு, “தலைசுத்தலே இல்லைன்னா இந்த மாத்திரை எதுக்கும்மா? இவ்வளவு நாள் இவர் முழிச்சே இருந்திருக்க மாட்டாரே” என்றார். நிறுத்திவிட்டார். பேச்சுப் பயிற்சிக்குச் சீட்டு எழுதினார்.

ஜூலை 5, சனி

காலையில் நடந்தே ஏரிக்கரைக்குப் போய் அனுமதிக் கடிதத்தைப் பக்தவத்சலத்திடம் திருப்பிக் கொடுத்தேன். “ஏம்மா? ஷிப்ட் மாறிடுச்சா?” ஆமாம் சார் என்றேன். கேட் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய், “அன்னிக்கு ராங் சைடுல வந்தது நான்தான் சார்” என்றேன். அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கப் போய்விட்டார். மன்னிப்பாவது ஒன்றாவது என்று இருந்தது எனக்கு. களைப்பாக இருந்தது.

ஜூலை 7, திங்கள்

மதியம் பன்னிரண்டரைக்குக் கதவு தட்டும் சத்தம். செண்பகம். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அண்ணன் கட்டிலுக்குப் போய், “சாப்டியாண்ணா?” என்றாள். சோற்றுப் பாத்திரத்தோடு மாற்றுப் புடவையும் எடுத்து வந்திருந்தாள். இரவு இங்கேயே தங்குவாள்போல. என் ஷிப்ட் மாறியதை யார் சொல்லியிருப்பார்கள், யாழினியாக இருக்கலாம்.

நான் சைக்கிளை இறக்கினேன். உச்சி வெயில். கரையில் ஒரு ஆள் இல்லை. எந்தப் பக்கமாகப் போனாலும் கேட்பாரில்லை. வலமாகவே சுற்றிப் போனேன்.

ஜூலை 12, சனி

ஆறு நாளாகச் செண்பகம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தினமும் எனக்கும் சேர்த்துச் சமைத்து மூடி வைக்கிறாள். சாயங்காலங்களில் அவர் அழுகிறாராம், யாழினி போனில் சொன்னாள். முதல் இரண்டு நாள் ஒரு மணிநேரம், அப்புறம் அரைமணி. மாமா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் அம்மா என்றாள்.

அவர் பகலில் முழித்திருக்கிறார். தண்ணி, ஃபேன், போதும் என்கிறார். நேற்று ஜன்னலைக் காட்டி, “காக்கா” என்றார்.

ஜூலை 24, வியாழன்

கிளம்புவதற்கு முன் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். செண்பகம் சமையல்கட்டில் இருந்தாள். ஒரு பக்கம் வழித்து முடித்தபோது அவர் என் முழங்கையைப் பிடித்தார். அதைத் திருப்பிப் பார்த்தார். மற்ற கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை.

“தமயந்தி.”

“சொல்லுங்க.”

வெகு நேரம் வாயை அசைத்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

“உனக்கு... அடி... படலியே?”

பதினைந்து மாதம். எல்லாரும் அவரைப் பற்றித்தான் கேட்டார்கள், போலீஸ், டாக்டர்கள், சொந்தக்காரர்கள். நானே என்னைக் கேட்கவில்லை. அவர் மட்டும் அந்த ரோட்டில் விழுந்து கிடந்தபடி இதைக் கேட்க வாய் திறந்து திறந்து பார்த்திருக்கிறார். திறக்கும்போதெல்லாம் நாங்கள் மாத்திரை போட்டிருக்கிறோம்.

“இல்லங்க. எனக்கு ஒண்ணும் ஆகல.”

“நல்லவேளை” என்றார். அது மட்டும் திக்காமல் வந்தது.

அதற்குமேல் என்னால் ரேசரைப் பிடிக்க முடியவில்லை. நுரை காய்ந்துகொண்டிருந்தது. செண்பகம் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாக என்று தெரியாது. உள்ளே வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்து ரேசரை வாங்கி மறுபக்கத்தை அவளே வழித்து முடித்தாள்.